பாதாம் தோப்பில் பீரங்கி, செக்குக் கொட்டிலில் குண்டு

வாருங்கள், அண்டை ஊர்த் தோழர்களே! வந்து இந்த அநியாயத்தைக் கண்ணாரக் காணுங்கள்.

வால்தெமோரா ஊரின் களத்துமேட்டில் நின்று கிழக்கே திரும்புங்கள். பாதாம் தோப்பு. அதன் நிழலில் ஒரு பீரங்கி, குண்டு இல்லை. மேற்கே திரும்புங்கள். ஒலிவ எண்ணெய்ச் செக்குக் கொட்டில். அதற்குள் பெட்டி பெட்டியாகக் குண்டுகள், பீரங்கி இல்லை. நேரே நிமிர்ந்து பாருங்கள். சரிவு முழுவதும் முற்றிய கோதுமை. சரிவின் தலையில் பெலெகிரின் குன்று. குன்றின் மேல் பழைய சிற்றாலயம். ஆலயத்தின் சன்னலில் பாசிஸ்டுகளின் இயந்திரத் துப்பாக்கி. கதிருக்கு மேலே ஒரு முக்காட்டுத்துணி தெரிந்தால் போதும், அது இருமத் தொடங்கிவிடும்.

இந்த ஆண்டு அறுவடைக் காலம் பிறந்தபோது எங்கள் ஊர் கிடந்த கோலம் இது. பீரங்கி குண்டைக் கேட்டது. குண்டு பீரங்கியைக் கேட்டது. கோதுமை இரண்டையும் கேட்டது. இல்லை என்று சொன்னவன் யார்? முதலாளியா? பாதிரியா? தளபதியின் கூலிப்படையா? இல்லை. இல்லை என்று சொன்னவர்கள் நம் தோழர்கள்! ஒரே எதிரிக்கு எதிராக ஒரே மலையடியில் ஒரே பூண்டு ரொட்டியைத் தின்றுகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்த நம் சொந்தத் தோழர்கள்!

பாதாம் தோப்பில் இருந்தது அரசே வேண்டாம் என்கிற அரசின்மைவாதிகளின் படை. கறுப்பும் சிவப்புமாய்க் கழுத்துத்துணி. அவர்களுக்குத் தலைவர் கிடையாது; தலைவர் இல்லை என்பதை எல்லோருக்கும் எடுத்துச் சொல்லும் ஒருவர் மட்டும் உண்டு. அவர் பெயர் ப்ரிமிதிவோ. பார்சலோனாவில் தரைக்கு ஓடு பதித்துக்கொண்டிருந்தவர். செக்குக் கொட்டிலில் இருந்தது கம்யூனிஸ்டுகளின் படை. அவர்களுக்குக் கேப்டன் எலாதியோ. சரகோசாவில் ரயில்வே ஊழியராக இருந்தவர், அந்த நகரம் எதிரியின் கையில் விழுந்தபோது தப்பி வந்தவர். சட்டைக் கையில் பட்டை, காலில் பளபளக்கும் பூட்ஸ்.

இந்த இருவருக்கும் நடுவில் நின்றவள் ஒரோசியா. கோதுமையை விதைத்த ஆண்களில் பெரும்பாலோர் போர்முனைக்குப் போய்விட்டார்கள். அறுக்கிற பொறுப்பை ஊர்க்கூட்டம் அவளிடம் ஒப்படைத்திருந்தது. கூட்டு நிலம், கூட்டு விதைப்பு. குளிர்காலத்தில் ஊர் முழுவதும் தின்னப்போகும் ரொட்டி அந்தச் சரிவில் நின்றது. அவள் ஒரு கதிரைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். அழுத்துவதற்கு முன்பே மணிகள் உதிர்ந்தன. வெக்கைக் காற்று ஒருமுறை வீசி அடித்தால் மணி முழுவதும் மண்ணுக்குத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. முதலில் பாதாம் தோப்புக்கு நடந்தாள்.

பீரங்கிக் குழாயின் மேல் ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"ஏப்பா ப்ரிமிதிவோ, பீரங்கியில சட்டையக் காயப்போட்டிருக்க. அங்க கோதுமையும் காயுது. அத எப்பப் பாப்ப?"

"வாங்க ஒரோசியாக்கா, ஒக்காருங்க. பூண்டு ரொட்டி இருக்கு, சாப்பிடறீங்களா?"

"ரொட்டிய இப்பத் தின்னுடுவ. மார்கழியில எதத் தின்ப, கழுத்துத்துணியையா?"

"என்னை ஏன்க்கா திட்டறீங்க? குண்டக் குடுக்கச் சொல்லுங்க, இந்த நிமிசமே சுடறேன். அந்தக் கேப்டன் என்ன சொல்றான் தெரியுமா? நாங்க எல்லாரும் அவன் பட்டாளத்துல சேந்து, அவன் கைப்பட்டைக்கு சலாம் போடணுமாம். ராசாவ எதுக்குத் தொரத்தினோம்? ராசா கழட்டிப் போட்ட சட்டைய இவன் மாட்டிக்கவா?"

"சரி, நீ சேர வேணாம். பீரங்கிய மட்டும் அவங்கிட்ட ரெண்டு நாளு இரவல் குடு."

ப்ரிமிதிவோவின் முகம் வருத்தத்தால் வாடியது. அவர் உண்மையாகவே நல்ல மனிதர். "இரவலா? சொத்துன்னு ஒண்ணே கெடையாதுன்னு தீர்மானம் போட்டாச்சே அக்கா. நம்மளுதே இல்லாத ஒண்ண எப்படி இரவல் குடுக்கறது?"

"அப்பச் சும்மா குடு."

"அதுக்குக் கூட்டம் போடணும். எல்லாரும் பேசணும். எங்க மெல்ச்சோர் பேச ஆரம்பிச்சா ஆதி மனுசன் குகையிலேருந்துதான் ஆரம்பிப்பான்."

ஒரோசியா எழுந்து செக்குக் கொட்டிலுக்கு நடந்தாள். அங்கே வாசலில் காவல், காவலுக்குள் இன்னொரு காவல், அதற்குள் கேப்டன்.

"வாங்க, காம்ரேட் ஒரோசியா."

"காம்ரேடும் வேணாம், கீம்ரேடும் வேணாம். வெறும் ஒரோசியாதான். குண்டக் குடு."

"குடுக்கக் கூடாதுன்னு எனக்கு ஆசையா? முதல்ல போர்ல ஜெயிக்கணும், அப்புறந்தான் புரட்சி. ஒரே படை, ஒரே தலைமை. அத அவங்க ஒத்துக்கட்டும்."

"முதல்ல கோதுமை, அப்புறந்தான் ரொட்டி. அத நீ ஒத்துக்கிறியா?"

"அவங்ககிட்டக் குண்டக் குடுத்தா எங்க சுடுவாங்கன்னு யாரு கண்டா? காலையில காப்பி குடிக்கறதுக்கே ஓட்டெடுக்கற பயலுங்க!"

"அவங்ககிட்டக் குடுக்காட்டி நீ எங்க சுடுவ? செக்குக்குள்ளயா?"

எலாதியோ தொண்டையைச் செருமினார். "மேலிடத்துல கேட்டிருக்கேன்."

"நல்லாக் கேட்ட போ! மேலிடத்துல இருக்கறவனுக்குத் தலைக்கு மேல மேகந்தான் தெரியும். கதிரு கீழல்ல இருக்கு!"

தோழர்களே, இந்த இருவரில் எவரும் கயவர் இல்லை. இதைத்தான் நான் அடித்துச் சொல்கிறேன். புரட்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றால் பிறகு என்பது வராமலே போய்விடுமே என்று ஒருவர் அஞ்சினார். போரில் தோற்றுவிட்டால் புரட்சி செய்ய ஆளே மிஞ்ச மாட்டார்களே என்று மற்றவர் அஞ்சினார். இரண்டு அச்சமும் நியாயமான அச்சம். ஆனால் இரண்டு நியாயங்கள் தோளோடு தோள் உரசி வாசலை அடைத்துக்கொண்டு நின்றால், உள்ளே இருப்பவர்கள் வெளியே வருவது எப்படி? குன்றின் மேலிருந்த எதிரிக்குத் தோட்டாவே செலவில்லை. அவனுடைய காவலை நம்மவர்களே செய்துகொண்டிருந்தார்கள்!

எங்கள் பகுதியில் அரிவாள் எடுப்பதற்கு முந்தின மாலை ஒரு வழக்கம் உண்டு. சதுக்கத்தின் இரண்டு பக்கமும் ஆட்கள் கூடுவார்கள். கிதார்கள் முழங்கும். ஒரு பக்கத்தார் நான்கு அடியில் கேலி பாடினால், மறுபக்கத்தார் நான்கு அடியில் திருப்பிப் பாட வேண்டும். கோபப்பட்டவன் தோற்றவன். கிதார் ஒரு சுற்று வாசித்து முடிப்பதற்குள் பதில் பாட வாய் வராதவனும் தோற்றவன். தோற்றவன் கடைசிக் கதிர்க்கட்டு களத்துக்கு வந்து சேரும் வரை அறுப்பவர்களின் ஏவலாள். அவர்கள் கேட்டதைக் கேட்டபடி செய்தாக வேண்டும். மன்னர் காலத்திலும் இது மாறவில்லை. திருச்சபையும் இதைத் தொட அஞ்சியது. புரட்சி வந்து ஊருக்குள் இருந்த ஆலயமே தானியக் கிடங்கானபோதும் இந்த எசப்பாட்டை ஒழிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

இந்த ஆண்டும் கூடினார்கள். தோல்பையில் திராட்சை மது இருந்ததால் இரண்டு படையும் தவறாமல் வந்தது. கிழக்கே கறுப்பு-சிவப்பு, மேற்கே சிவப்பு. நடுவில் ஊர்ப்பெண்கள். கிதார் எழுந்ததும் எல்லோருக்கும் வியப்பு. முதலில் வாய் திறந்தவர் கேப்டன் எலாதியோ! சரகோசாக்காரர் அல்லவா? கைப்பட்டையின் கனத்துக்கு அடியில் பாட்டு உயிரோடுதான் இருந்திருக்கிறது.

கட்டுப்பாடு இல்லாத படை
காத்துல போற தொப்பி போல;
ஓட்டுப் போட்டுத் தும்முறவன்
வேட்டுப் போடப் போறானாம்!

மேற்குப் பக்கம் சிரித்துக் குலுங்கியது. கிதார் சுற்று முடிவதற்குள் ப்ரிமிதிவோ மதுப்பையைக் கீழே வைத்தார்.

ஓட்டே வேணாம்னு சொல்லுறவன்
வீட்டுல யாரு ராசாவாம்?
மேலிடத்துக் கடுதாசி வந்தாத்தான்
மீசைய முறுக்கத் துணிவானாம்!

இப்போது கிழக்குப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தது. இப்படியே மாறி மாறிப் பாடினால் இரவு முழுவதும் போகும், பகை இன்னும் இறுகும் என்று கண்ட ஒரோசியா, இடுப்பில் கை வைத்து நடுவில் வந்து நின்றாள். முதலில் கிழக்கே திரும்பினாள்.

பாதாம் மரத்து நெழலுக்குள்ள
பீரங்கிய நட்டு வச்சான்;
பூத்துக் காய்க்கும்னு காத்திருக்கான்
புரட்சிக்கார மாப்புள்ள!

மேற்குப் பக்கம் ஆரவாரம் செய்து முடிப்பதற்குள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

பெட்டி நெறையக் குண்டடுக்கிப்
பூட்டுமேல பூட்டுப் போட்டு,
குஞ்சு பொரிக்க அடைகாக்கும்
கோழிக்கெதுக்குக் கேப்டன் பட்டை?

சதுக்கமே அதிர்ந்தது. கம்யூனிஸ்டுகள் தங்கள் கேப்டனைப் பார்த்தே சிரித்தார்கள். சிரிக்கக் கூடாது என்று உத்தரவு இல்லையே! ப்ரிமிதிவோ விடவில்லை.

அருவா புடிச்ச அக்காளே,
ஆளுக்கொரு கேலி சொன்ன;
வாயி மட்டும் நீண்டிருந்தா
வயலுல கோதுமை விழுந்திடுமா?

ஒரோசியா கிதாருக்காகக் காத்திருக்கவில்லை.

விழுந்திடுமே, விழுந்திடுமே,
வெக்கைக் காத்து வீசுறப்போ;
மண்ணுக்குள்ள போன மணிய
மாநாடு போட்டுப் பொறுக்குவீங்களா?

சிரிப்பு பாதியில் நின்றது. கிதார் சுற்றியது. ப்ரிமிதிவோ எலாதியோவைப் பார்த்தார். எலாதியோ ப்ரிமிதிவோவைப் பார்த்தார். குளிர்காலத்துக்குப் பிறகு அவர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தது அப்போதுதான். இருவர் வாயிலும் பதில் இல்லை. கிதார் சுற்றை முடித்து நின்றது.

"தோத்தாச்சு!" என்று பெண்கள் கூவினார்கள். "ரெண்டு பேருமே தோத்தாச்சு!"

எலாதியோ மெதுவாகக் கேட்டார்: "ஒரோசியாக்கா, இது உத்தரவு இல்லையே?"

"இல்ல."

ப்ரிமிதிவோ கேட்டார்: "தீர்மானமும் இல்லையே?"

"இல்ல தம்பி. தோல்வி. காலையில ஒருத்தன் பீரங்கிய இழுத்துட்டு வா, இன்னொருத்தன் குண்டத் தூக்கிட்டு வா."

அவன் முன் இவன் பணிய வேண்டியதில்லை. இவன் முன் அவனும் பணிய வேண்டியதில்லை. இருவரும் அரிவாளின் முன் பணிந்தார்கள். அதில் எவருக்கும் அவமானம் இல்லை!

மறுநாள் பொழுது ஏறியதும் பீரங்கியும் குண்டும் களத்துமேட்டில் முதன்முதலாகச் சந்தித்தன. கல்யாணக் களை கட்டியிருந்தது. அப்போதுதான் புதிய வழக்கு முளைத்தது.

"நான் 'சுடு'ன்னு சொன்னதும் சுடணும்," என்றார் எலாதியோ.

இழுத்தால் பீரங்கி வெடிக்கும் சுடுகயிற்றை மெல்ச்சோர் பிடித்து நின்றான். உடல் பெரிது, குரல் அதைவிடப் பெரிது. "'சுடு'ன்னா எங்க ஆளுங்க சுட மாட்டாங்க. 'சுடலாமா'ன்னு கேளுங்க."

"கேட்டா?"

"கை தூக்கி ஓட்டெடுப்போம்."

"எல்லாரும் கையத் தூக்கினாக் கயிற யாருய்யா இழுப்பா?"

"அத அப்புறமா விவாதிப்போம். தோழர்களே, சுடலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க!"

எல்லோரும் கை தூக்கினார்கள். மெல்ச்சோரும் தூக்கினான். சுடுகயிற்றை மணிக்கட்டில் சுற்றியிருந்தது அவனுக்கு நினைவில்லை.

ஊர் குலுங்கியது. இன்னும் குறி பார்க்கவே தொடங்காத பீரங்கி, ஒருமனதாக நிறைவேறிய தீர்மானத்தின்படி, குண்டை ஓடைக்குள் இறக்கியது. சேறு மரத்தளவு எழும்பி விழுந்தது. அதுவரை ஆலயச் சன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எதிரிப் படையினர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் கைகளை வாயில் குவித்துக் கத்தினான்:

"ஏ சிவப்பா! உன் ஓட்டு செல்லாத ஓட்டுடா!"

"பாத்தியா!" என்று எலாதியோ துள்ளினார். "கட்டளை இல்லாததோட லட்சணம் இது!"

"கட்டளை போட வந்ததாலதான் கொழப்பமே!" என்றார் ப்ரிமிதிவோ.

அந்த நேரத்தில் கழுத்தோரம் ஏதோ சுட்டது. தென்கிழக்கிலிருந்து வெக்கைக் காற்று புறப்பட்டுவிட்டது. சரிவில் கோதுமை ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. சாய்ந்தபோது எழுந்த சலசலப்பில் மணி உதிரும் ஓசை கலந்திருந்தது. ஒரோசியா இரண்டு ஆண்களுக்கும் நடுவில் பாய்ந்தாள்.

"வாய மூடுங்க ரெண்டு பேரும்! யாரும் கட்டளை போட வேணாம், யாரும் கையத் தூக்க வேணாம். நான் பாடறேன். கடைசி அடிய இழுத்து நிறுத்தறப்பக் கயித்த இழு, மெல்ச்சோர். பாட்டுக்குத் தாளம் போடறதுக்குக் கூடவா கூட்டம் போடணும்?"

மெல்ச்சோர் ப்ரிமிதிவோவைப் பார்த்தான். ப்ரிமிதிவோ எலாதியோவைப் பார்த்தார். எலாதியோ மண்டியிட்டு, தானே பீரங்கியின் குறியைச் சரிசெய்தார். ப்ரிமிதிவோ சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தார். ஒரோசியா பாடினாள். எங்கள் பாட்டில் கடைசி அடியை மூச்சு உள்ளவரை நீட்டி, வெட்டியதுபோல் நிறுத்துவார்கள். இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் அது எந்த நொடி என்று தெரியும். அவள் நிறுத்தினாள். பீரங்கி முழங்கியது. குண்டு ஆலயத்தின் பின்சுவரைப் பிளந்தது.

"இன்னொரு பாட்டு!" என்று கூவியவர் யார் என்கிறீர்கள்? கேப்டன் எலாதியோ!

இம்முறை பெண்கள் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். பாட்டின் கடைசி அடியை இரண்டு படையும் சேர்ந்து இழுத்தது. குண்டு போய்ச் சன்னலின் அடித்திண்டில் விழுந்தது. புழுதி அடங்கியபோது, சிரித்தவர்கள் இயந்திரத் துப்பாக்கியைப் பிணம்போல் தூக்கிக்கொண்டு குன்றின் மறுபுறம் ஓடுவது தெரிந்தது. செல்லாத ஓட்டு என்றவனின் தொப்பி மட்டும் காற்றில் பறந்து, எங்கள் பக்கம் வந்து விழுந்தது.

அன்று பகலெல்லாம் அறுத்தோம். ப்ரிமிதிவோ குடத்தைத் தோளில் ஏற்றித் தண்ணீர் சுமந்தார். எலாதியோ பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கட்டுக் கட்டினார். அவருடைய கட்டுகள் ரயில் பெட்டிகளைப்போல் ஒரே வரிசையில் நின்றன. இருவரும் வேலை முழுவதும் சண்டை போட்டார்கள். அரசு வேண்டுமா வேண்டாமா, வங்கிகளை என்ன செய்வது, நிலத்தை எப்படிப் பிரிப்பது என்று ஓயாமல் போட்டார்கள். போடட்டுமே! கையில் அரிவாளோடு போடும் சண்டையில் கதிர் அறுபடுகிறது. மாலைக்குள் கீழ்ச்சரிவு முழுவதும் களம் வந்து சேர்ந்தது.

மேற்சரிவு அப்படியே நிற்கிறது.

கேளுங்கள் அடுத்த அநியாயத்தை! செய்தி இரண்டு தலைமையகத்துக்கும் போயிருக்கிறது. மகிழ்ந்தார்களா? வாழ்த்தினார்களா? பாடினால் சுடுகிற பீரங்கி படைவிதிக்குப் புறம்பானது என்று ஒரு தலைமையகம் சொன்னது. கம்யூனிஸ்டுகளின் குண்டைத் தொட்டதால் கொள்கை கறைபட்டது என்று இன்னொன்று சொன்னது. ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாத இரண்டு தலைமையகங்கள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுபட்டிருக்கின்றன. பீரங்கியைப் பாதாம் தோப்பைவிடத் தொலைவுக்குக் கொண்டுபோ! குண்டுகளைச் செக்குக் கொட்டிலைவிடத் தொலைவுக்குக் கொண்டுபோ!

ஆனால் கடைசிக் கட்டு களம் சேரவில்லை. அது சேரும் வரை அந்த இருவரும் ஒரோசியாவின் ஏவலாட்கள். எலாதியோ உத்தரவை வாசித்தார். கையெழுத்துக்குக் கீழே முத்திரை தெளிவாக இல்லை என்று கண்டுபிடித்து, முறைப்படி மறுபிரதி கேட்டு எழுதி, நடந்தே போகிற ஆளிடம் கொடுத்தனுப்பினார். "ஒழுங்குன்னா ஒழுங்குதான், காம்ரேட்," என்று உத்தரவைக் கொண்டுவந்தவனிடம் சொன்னார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. ப்ரிமிதிவோவோ உத்தரவைப் படையின் கூட்டத்தில் வைத்தார். முதல் பேச்சாளன் மெல்ச்சோர். இந்த வரிகளை எழுதும்போது அவன் ஆதி மனிதனின் குகையிலிருந்து வெளியே வந்து, நெருப்பைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறான். "விவாதத்த அடக்கினா அது சர்வாதிகாரம்," என்று ப்ரிமிதிவோ விளக்கம் சொல்கிறார்.

தோழர்களே! மறுபிரதி ஒருநாள் வந்தே தீரும். மெல்ச்சோருக்கும் ஒருநாள் தொண்டை கட்டும். பீரங்கியும் குண்டும் பிரிந்த மறுகணம் அந்த இயந்திரத் துப்பாக்கி குன்றேறி வரும். எங்கள் ஊர்க்கைகள் மட்டும் அறுத்தால் மேற்சரிவு அதற்குள் முடியாது. உங்கள் கைகளும் சேர்ந்தால் ஒரே பகலில் முடியும்!

ஆகவே வாருங்கள். சிவப்புக் கொடிக்காரர் சிவப்புக் கொடியோடு வாருங்கள். கறுப்பு-சிவப்புக்காரர் உங்கள் கழுத்துத்துணியோடு வாருங்கள். இந்த இரண்டு பேரையும் பிடிக்காத மூன்றாம் கட்சிக்காரரும் தாராளமாக வாருங்கள், வரப்பில் உங்களுக்கும் இடம் உண்டு. வாதங்களைக் கொண்டுவரத் தடையில்லை. கைகள் வேலை செய்யட்டும், வாய் தன் போக்கில் போகட்டும். ஆனால் வெறுங்கையோடு எவரும் வராதீர்கள். அரிவாளைத் தீட்டுங்கள். நாளை விடியும்போது மேற்சரிவில் வரிசையாய் நில்லுங்கள். தலைமையகங்கள் நம்மைப் பிரிப்பதற்கு முன், அந்தக் கோதுமையை அறுத்து முடியுங்கள்!